மலைப்பக்கம் நகர்ந்த நட்சத்திரம்

ராத்திரி ஒன்பதே முக்கால். நேரத்தை ஞாபகத்துல வச்சுக்குங்க. இந்தக் கதைக்கு நேரம் தான் எல்லாம்.

ரப்பர் காட்டுக்குள்ளே ஒரு ரோடு. கல் பெயர்ந்த தோட்டத்து ரோடு. கடைசி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு ஆள், ரெண்டு மைல் ஏறி, ஃபெக்டரி வளைவுக்கு வந்துவிட்டார். தனி ஆள். கையில் டார்ச், கக்கத்தில் ஒரு இறாத்தல் பாண் ரொட்டி. பதினொரு நாள் விடாமல் பெய்த மழை அன்றைக்குத் தான் விட்டிருந்தது. மரமெல்லாம் சொட்டுகிறது... பொட்... பொட்... ரப்பர் ஒட்டுப்பால் வாடை. அது எப்போதும் உள்ளது. அதோடு இன்னொரு வாடை. புதுசாகக் குழி தோண்டினால் வருமே, அந்த வாடை. எங்கேயும் யாரும் எதையும் தோண்டவில்லை.

அப்போது மேலே, கூலிக்காரர் வரிசை வீடான லயத்துப் பக்கமிருந்து, ஒரு பொம்பளைக் குரல்...

"அஞ்சு..."

"என்னம்மா, பேய் கணக்குப் படிக்குதா?" என்றான் அஜந்தன்.

நான் கதை சொல்லிக்கொண்டிருந்த பஸ்ஸுக்குள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். இரத்தினபுரியில் ஏறிய கடைசி பஸ். வளைவு ஒன்றில் பலா மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. டிரைவரும் நாலு ஆம்பிளைகளும் அதை அறுக்கப் போயிருந்தார்கள். பேட்டரி போய்விடும் என்று லைட்டை அணைத்துவிட்டார்கள். வாள் இழுக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அஜந்தன் கொழும்புக் கடையில் வேலை செய்கிற பொடியன், லீவில் வருகிறான். பேய்க் கதை சொல்லுங்க என்று வாயைக் கொடுத்தது அவன் தான். என் பக்கத்து சீட்டில் மதுஷா என்று ஒரு பிள்ளை. வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். தோளில் தூங்குகிற குழந்தை. மடியில் பேப்பரில் சுற்றிய ஒரு கனத்த சாமான். அவள் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார், "என்ன தங்கச்சி, மாணிக்கக் கல்லா?" என்று.

"கல்லு கெடைச்சிருந்தா நான் ஏன் ஒங்க பஸ்ஸுல வாறேன்?" என்றாள். அவ்வளவு தான் அவள் அதுவரை பேசியது.

சரி. அந்த ஆளின் பேர் ஸஹாப்தீன். இரத்தினபுரியில் கல் பட்டை தீட்டுகிறவர். என் சிநேகிதி ஸைனம்புவின் கூடப்பிறந்த தம்பி. அவர் அக்காவிடம் சொன்னது, அக்கா என்னிடம் சொன்னது. தோட்டத்துப் பேரை மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் சனம் இருக்கிறது.

"பேய்க்கு என்ன வேலை அங்க?" அஜந்தன் விடுவதாக இல்லை.

அந்தக் குரல் பேய் இல்லை தம்பி. அப்போது இல்லை. அது லோஜினி. பிட்டர் நாகலிங்கத்தின் மகள். பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் பால் வெட்டப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். நாள் பூரா ஒன்று, ரெண்டு, மூன்று என்று சொல்லிக் கொடுத்துக் கொடுத்து, அவள் தொண்டைக்கு ஒரு மணி மாதிரி வாகு வந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். தாய் இல்லாத பிள்ளை. அப்பனுக்கு அவள், அவளுக்கு அப்பன்.

நாகலிங்கம் ஃபெக்டரியில் பிட்டர். மெஷின் எது நின்றாலும் அவர் கையால் தொட்டால் ஓடும். அவருக்கு ஒரு பைத்தியம். நட்சத்திரம். ஸஹாப்தீனுக்கும் அதே பைத்தியம். பிட்டரும் பட்டை தீட்டுகிறவரும் சேர்ந்து, தடித்த கண்ணாடி வட்டம் ஒன்றை வாங்கி, எட்டு மாதம் தேய்த்து, குழிக்கண்ணாடி செய்து, ஒரு குழாயில் பொருத்தினார்கள். தொலைநோக்கி. லொறிச் சில்லு பேரிங்கில் சுழலும். லயத்து ஓரத்தில், முனி மரத்துக்குக் கிட்ட, இடுப்பு உயரத்துக்கு ஒரு கொங்கிறீட் தூண் கட்டி, அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கினார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், யுத்த காலம் அது. குழாயும் தூணும் சிவப்பு டார்ச்சும் வைத்துக்கொண்டு தமிழ் ஆள் மலையில் நிற்கிறான் என்றால் விடுவார்களா? பொலிஸ் வந்தது. சார்ஜன் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு வளர்பிறை. "அம்மோ... ஹந்த!" என்றார். சந்திரனைக் கண்டுவிட்டார். பிறகு கூட வந்தவர்களையும் வரிசையாக நிற்க வைத்துக் காட்டிவிட்டு, ப்ளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

பொலிஸ் கூடச் சரிவந்தது. அச்சு தான் சரிவரவில்லை.

"பூமி சுத்துது பாய். அதனால நட்சத்திரமெல்லாம் ஒரு அச்சைச் சுத்தி ஓடுற மாதிரி தெரியுது. நம்ம கொழாயோட அச்சும் அதுக்கு நேரா நின்னா, ஒரு கைப்பிடியை மட்டும் மெதுவாத் திருகுனாப் போதும். ராத்திரி பூரா நட்சத்திரம் கண்ணுக்குள்ளயே நிக்கும்."

"அந்த அச்சு எங்க ஈக்கி?"

"வடக்கே. துருவ நட்சத்திரத்துக்குப் பக்கத்துல."

"அப்ப அதப் பாத்து நிமித்துங்களேன்."

"நம்ம நாட்டுல அது தரைக்குக் கிட்ட தான் நிக்கும் பாய். அதுக்கு முன்னால மலை நிக்குது. காணாததைக் காணுறதை வச்சுத் தான் புடிக்கணும்."

அதற்கு ஒரு முறை இருக்கிறது. கிழக்கே ஒரு நட்சத்திரத்தைப் பிடிக்கணும். கண் வைக்கிற கண்ணாடிக்குள் ரெண்டு தலைமயிரைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி வைத்திருந்தார்கள். லோஜினியின் சடையில் எடுத்தது. நட்சத்திரத்தை அந்த மயிர் மேல் உட்கார வைத்து, கைப்பிடியைத் திருகிக்கொண்டே அஞ்சு நிமிஷம் பார்க்கணும். அச்சு சரி என்றால் மயிரை விட்டு விலகாது. பிழை என்றால் மெல்ல, மெல்ல, ஒரு பக்கமாக வழுக்கும். எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று பார்த்து, அடியில் இருக்கிற போல்ட்டைக் கால் சுற்றுத் திருகணும். திரும்ப அஞ்சு நிமிஷம்.

கண்ணை எடுக்காமல் நேரம் பார்க்க முடியாதே. அதற்குத் தான் லோஜினி. பக்கத்தில் எலாம் அடிக்கிற மணிக்கூடோடு உட்கார்ந்துகொண்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவாள். அஞ்சு... பத்து... பதினஞ்சு... அப்பன் "போதும்மா, நிறுத்து" என்று சொன்னால் தான் நிறுத்துவாள். ஒரு நாள் மனுசன் குழாயில் கண்ணை வைத்தபடியே தூங்கிவிட்டார். விழித்தால் குளிரில் விறைத்துப் போய் இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"முன்னூத்தி நாப்பது..."

"ஏம்மா, எழுப்பக் கூடாதா?"

"நிறுத்துன்னு நீங்க சொல்லலையே அப்பா."

ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதை அது.

சித்திரை பிறந்ததிலிருந்து ஒரு கரைச்சல். இன்றைக்கு அச்சைச் சரிப்படுத்தி, மயிரில் நிற்க வைத்துவிட்டுப் படுப்பார். நாலு நாள் கழித்துப் பார்த்தால் நட்சத்திரம் நிற்காது. வழுக்கும். மலைப்பக்கமாக. எப்போதும் மலைப்பக்கமாகவே. கால் சுற்றுத் திருகுவார். நிற்கும். நாலு நாள் கழித்துத் திரும்பவும் மலைப்பக்கம்.

"பொடியனுங்க யாராவது போல்ட்டை நோண்டுறானுங்க" என்று கத்துவார்.

"பொடியனுங்க இல்ல. முனி" என்றாள் அடுத்த காம்பரா வெள்ளையம்மா. "அது நிக்கிற எடத்துல தூணைக் கட்டி வானத்தைக் குத்திப் பாத்தா சும்மா விடுமா? எங்க காம்பராக் கதவைப் பாரு. நேத்து வரைக்கும் மூடுன கதவு. இன்னைக்கு மூடுதா?"

மூடவில்லை. வெள்ளையம்மா வீட்டுக் கதவு மட்டும் இல்லை, வரிசையாக நாலு காம்பராவில் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. பீலிக் குழாயில் தண்ணீர் செம்மண் கலந்து வந்தது. ராத்திரியில் தரையில் காதை வைத்தால்... டொக்... கொஞ்ச நேரம் கழித்து... டொக். யாரோ கீழே இருந்து தட்டுகிற மாதிரி.

முனி தான் என்று முடிவாயிற்று. சேவல் அறுத்தார்கள். பூசாரி மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம் நட்டார். கதவுகளை ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவி விட்டார்கள். மூடிற்று. முனி இறங்கிவிட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி.

நாகலிங்கம் முனியை நம்பாத ஆள். அவர் போல்ட்டை நம்பினார். பிட்டருக்கு உலகத்தில் எது கோணினாலும் ஒரு நட்டு இளகியிருக்கும். கால் சுற்று, கால் சுற்று என்று, மழை பிடிக்கிற வரைக்கும் மூன்று முழுச் சுற்று திருகியிருந்தார். மூன்று சுற்றும் ஒரே பக்கம்.

"அந்த ஃபெக்டரிக்கு முன்னால சிவப்புத் தண்ணித் தாங்கி ஒண்ணு நிக்குமாம்மா?" என்று கேட்டாள் மதுஷா.

"நிக்கும். ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இல்ல... எல்லா ஃபெக்டரியிலயும் நிக்குமே." குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

இப்போது அந்த ராத்திரி. மழை விட்ட முதல் ராத்திரி. வானம் கழுவிவிட்ட மாதிரி. ஸஹாப்தீன் ஃபெக்டரி வளைவில் நிற்கிறார். மேலே குரல்.

"பத்து..."

படியில் சறுக்கிச் சறுக்கி நாகலிங்கம் இறங்கி வந்தார்.

"என்ன லிங்கண்ணே, என்னத்துக்கு இந்த நேரத்துல கீழ வாறீங்க?"

"வாங்க பாய். நல்ல நேரத்துல வந்தீங்க. நட்சத்திரம் நிக்கவே மாட்டேங்குது. வழுக்கல் இல்ல பாய், ஓடுது. வச்ச ஒரு நிமிஷத்துல மயிரைத் தாண்டி வெளிய போயிருது. மழையில தூண் போல்ட்டு இளகிருச்சு. பெரிய ஸ்பானர் வேணும்."

"மவள் தனியா ஈக்கிறாளா?"

"அவளைத் தான் கொழாயில உக்கார வச்சிருக்கேன். நான் வர்ற வரைக்கும் எண்ணிக்கிட்டே இரும்மான்னு சொல்லிருக்கேன்."

ஃபெக்டரி காவல்காரன் சாவி தேடினான். "பதினஞ்சு..." ஸ்பானர் பெட்டியில் இல்லை, ரோலர் மெஷினுக்கு அடியில் கிடந்தது. "இருபது..." வெளியே வந்தார்கள். நாகலிங்கம் ஸ்பானரைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆவணிக்கு அப்புறம் யாரை வச்சு எண்ணுறதுன்னு தெரியல பாய்" என்றார். "நான் வாறேன். ஆனா நான் தூங்கிருவேன்" என்றார் ஸஹாப்தீன். ரெண்டு பேரும் சிரித்தார்கள். இது ஸஹாப்தீனுக்கு நல்லா ஞாபகம். சிரித்தது.

"இருபத்தஞ்சு..."

தவளைச் சத்தம் நின்றது.

மேலே வேர் அறுகிற சத்தம். பட்... பட்பட்... துணி கிழிகிற மாதிரி. பிறகு ஒரு காற்று முகத்தில் அடித்தது. ஈர மண் வாடை. அப்புறம் தான் சத்தம் வந்தது. அது சத்தமே இல்லை என்பார் ஸஹாப்தீன். கால் வழியாக நெஞ்சுக்குள் ஏறின ஏதோ ஒன்று. ஃபெக்டரித் தகரமெல்லாம் ஆடிற்று. டார்ச்சை மேலே அடித்தார். லயம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. விளக்கு இல்லை. கூரை இல்லை. மலை அங்கே இருந்து இங்கே வந்து நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரெண்டு பேரும் அப்படியே நின்றார்கள். ஒரு நாய் கூடக் குரைக்கவில்லை.

அப்போது... கேட்டது.

"முப்பது..."

பஸ்ஸுக்குள் யாரும் சிரிக்கவில்லை. வெளியே வாள் சத்தமும் நின்றிருந்தது. மூச்சு வாங்குகிறார்கள் போல.

"உசுரோட இருந்தாளா?" என்றான் அஜந்தன். குரல் மாறியிருந்தது.

அப்படித் தான் அவர்களும் நினைத்தார்கள். "இருக்கா பாய்! இருக்கா!" என்று நாகலிங்கம் ஓடினார். முழங்கால் வரை சேற்றில் இறங்கி, கையாலே தோண்டினார். ஸ்பானரால் தோண்டினார். குரல் வந்த இடத்தில் தோண்டுவார்கள். அஞ்சு நிமிஷம். "முப்பத்தஞ்சு..." அது இன்னும் கீழே இருந்து வரும். அங்கே தோண்டுவார்கள். "நாப்பது..." இன்னும் கீழே. பயந்த குரல் இல்லை. அழவில்லை. அப்பா என்று கூப்பிடவும் இல்லை. பிள்ளைக் காம்பராவில் எண்ணுகிற மாதிரியே.

விடிந்து தான் இராணுவம் மண் வெட்டுகிற மெஷினோடு வந்தது. முப்பத்தோரு பேர் மண்ணுக்குள். பத்தொன்பது பேரை எடுத்தார்கள். வெள்ளையம்மாவை எடுத்தார்கள், அந்தச் சீவி விட்ட கதவோடு சேர்த்து. மூன்றாம் நாள் மெஷின் ஓட்டின சிங்களப் பொடியன் திடீரென்று என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். முகம் வெளுத்திருந்தது.

"சேர்... யட்ட கெல்லெக் கணன் கரனவா." கீழே ஒரு பெண் எண்ணுகிறாள் என்றான்.

அந்த இடத்தில் இருபதடி தோண்டினார்கள். கல் தான் இருந்தது. பொடியன் அதற்கப்புறம் வேலைக்கு வரவில்லை. ஆறாம் நாள் போதும் என்று மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்கள். லோஜினி கிடைக்கவில்லை. தொலைநோக்கியில் ஒரு திருகாணி கூடக் கிடைக்கவில்லை.

மிச்ச சனத்துக்கு ஸ்கூலில் இடம் கொடுத்தார்கள். நாகலிங்கம் போகவில்லை. மண்ணுக்கு ஓரத்தில் தகரம் நாலு சாத்தி, அதற்குள்ளே இருந்தார். வேலைக்குப் போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை. ஸஹாப்தீன் சனிக்கிழமை தோறும் பாணோடு போவார். ரெண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கீழே இருந்து குரல் வரும். மற்ற ஆள்களுக்குக் கேட்டதா இல்லையா தெரியாது. யாரும் ராத்திரியில் அந்தப் பக்கம் வருவதில்லை, அது மட்டும் தெரியும்.

ஒரு நாள் நாகலிங்கம் அவராகவே வாயைத் திறந்தார்.

"தூண் கோணல பாய். மலை கோணுச்சு."

ஸஹாப்தீன் பாணைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு மாசமா மலை தூணைச் சாய்ச்சுச் சாய்ச்சுச் சொல்லிச்சு. நட்சத்திரத்தைக் காட்டிச் சொல்லிச்சு. மூணு சுத்து சொல்லிச்சு. நான் என்ன செஞ்சேன்? போல்ட்டைத் திருகித் திருகி அதோட வாயை மூடுனேன். கடைசி நாளு கத்திச்சு பாய். ஒரு நிமிஷத்துல ஓடுது நட்சத்திரம். அப்பக் கூட நான் என்ன சொன்னேன்? ஸ்பானர் எடுத்துட்டு வர்றேன், நீ இங்கயே இரு."

வருஷம் ஒன்று திரும்பிற்று. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, இருந்தும் ஸஹாப்தீன் போனார். ஒன்பது நாற்பதுக்கு, அவள் எண்ணத் தொடங்கின அதே நேரத்துக்கு, குரல் வந்தது. தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக.

"அஞ்சு லட்சத்து... இருபத்தையாயிரத்து... அறுநூறு..."

மறுநாள் கடையில் கல்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது நிமிஷம். முன்னூற்று அறுபத்தஞ்சு நாள். பெருக்கினார். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் ஒன்றையும் விடவில்லை. தூங்கவில்லை. ஒரு வருஷமாக.

அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுத் திரும்ப மலைக்கே போனார்.

"லிங்கண்ணே. நீங்க அவளுக்கு நிறுத்துன்னு செல்லல்ல."

நாகலிங்கம் நிமிரவில்லை.

"நீங்க செல்லாம அவள் நிறுத்த மாட்டாள். ஒங்களுக்குத் தெரியும். பாவம் அண்ணே. செல்லிருங்க. ஒரு சொல்லு."

"தெரியும் பாய்."

"அப்ப செல்லுங்க."

"சொன்னா நிறுத்திருவா."

"நிறுத்தட்டுமே."

"நிறுத்திட்டா..." நாகலிங்கம் மண்ணைப் பார்த்தார். "நிறுத்திட்டா அங்க கெடக்குறது பொணம் பாய். இப்ப என் மக எண்ணிக்கிட்டு இருக்கா."

ஸஹாப்தீன் பாணை வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

அடுத்த வருஷமும் போயிற்று. அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் நாகலிங்கத்துக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றார். தகரத்துக்குள்ளேயே, ஒரு காதை மண்ணில் வைத்தபடி கிடந்தார். அப்படியே போய்விட்டார். அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த சனிக்கிழமை ஸஹாப்தீன் தனியாக மேலே போனார். ஏன் போனீர்கள் என்று ஸைனம்பு கேட்டதற்கு, "இனி அவளுக்குச் செல்ல ஆள் இல்லையே தாத்தா" என்றாராம். அவர்கள் அக்காவைத் தாத்தா என்று தான் கூப்பிடுவார்கள். தானே சொல்லிவிடுவது என்று போயிருக்கிறார்.

ஒன்பது நாற்பது. இருட்டு. தூறல். கீழே, ரொம்பக் கீழே...

"பன்னெண்டு லட்சத்து... எழுபதாயிரத்து... எம்பது..."

ஸஹாப்தீன் கையை வாயில் குவித்து, நாகலிங்கம் மாதிரியே கூப்பிட்டார். "போதும்மா... நிறுத்து!"

ஒன்றும் இல்லை. தூறல் சத்தம். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். அல்லாஹ்வே, நிறுத்திவிட்டாள் என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிஷம். ஒன்பதே முக்கால்.

"பன்னெண்டு லட்சத்து... எழுபதாயிரத்து... எம்பத்தஞ்சு..."

அதோடு முடியவில்லை. அந்தக் குரலுக்குப் பக்கத்தில், இன்னொரு குரல். ஆம்பிளைக் குரல். கண்ணைக் குழாயிலிருந்து எடுக்காமல் பேசுகிற மாதிரி, அமைதியாக...

"இன்னும் நகருதும்மா. எண்ணு."

ஸஹாப்தீன் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் நேராக ரோட்டுக்கு ஓடவில்லை. அது தான் எனக்கு அந்த மனுசனிடம் பிடித்தது. சரிந்து வந்த மண் கீழே பரவி நல்ல சமதரையாகக் கிடந்ததில், தோட்டத்து நிர்வாகம் புது லயம் கட்டியிருந்தது. அங்கே போய்க் கதவைத் தட்டினார். "மலை இன்னும் நகருதாம், எழும்பி வாங்க" என்று அழுதார். ஒரு ஆள் வெளியே வந்து, "பேய்க் கதைக்கெல்லாம் நேரம் இல்ல பாய், காலையில பேர் பதியுற பெரட்டுக்குப் போவணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

ஸஹாப்தீன் கடையை விற்றுவிட்டு எம்பிலிப்பிட்டியவுக்குப் போய்விட்டார். மலையே இல்லாத தரை. வீட்டில் மணிக்கூடு வைப்பதில்லை. அவ்வளவு தான் கதை.

மரம் அறுந்துவிட்டது போல, ஆம்பிளைகள் துண்டுகளைப் பள்ளத்தில் உருட்டிவிடுகிற சத்தம் கேட்டது. டிரைவர் ஏறினார். லைட் எரிந்தது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

நாலு வளைவு தாண்டி பஸ் நின்றது. ரோட்டோரத்தில் ரப்பர் மரம், ஒரு தோட்டத்துப் பாதை மேலே ஏறுகிறது. எனக்கு அந்த இடம் தெரியும். ஸைனம்பு ஒரு தரம் காட்டியிருக்கிறாள்.

மதுஷா எழும்பினாள்.

"இங்கயா எறங்குற?" என்றேன்.

"ஓம் அம்மா. கல்யாணம் முடிச்சு வந்து நாலு வருஷம். புது லயத்துல தான் இருக்கோம். இந்தக் கதை எல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லல."

"புள்ளையை வச்சுக்கிட்டு... இன்னைக்கு மழை வேற பேஞ்சிருக்கு. என் கூட வாம்மா. காலையில போகலாம்."

அவள் சிரித்தாள் என்று தான் சொல்லணும்.

"காலையிலயும் அங்க தானேம்மா போவணும். வேற எங்க போறது?"

படியில் இறங்கும்போது குழந்தை நழுவிற்று. பிடிக்கப் போனதில் கையில் இருந்த அந்தச் சாமான், பேப்பர் கிழிந்து, கண்டக்டர் கையில் விழுந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். மரம் சீவுகிற சீவுளி. கடையில் பூசின எண்ணெய் கூடக் காயாத புதுச் சீவுளி.

"எங்க வீட்டுக்காரர் வாங்கியாரச் சொன்னாரு" என்றாள் மதுஷா. "கதவு மூட மாட்டேங்குது."